புள்ளி எங்கே போய் விழுகிறது? ஏலமலைக் களப்பணியில் ஜிபிஎஸ், வரைபடப் பிழைகளை அறிகுறி பார்த்துத் தீர்க்க

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று எந்த வழியாக மேலேறினாலும் சரி, பூப்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு பக்கம் எதை ஆராய்ந்தாலும் சரி, கடைசியில் எல்லாம் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத்தான் வந்து உட்காரும். அந்தப் புள்ளி தப்பினால் அதன்மேல் கட்டிய கணக்கும் தப்பும். கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போனோ கையடக்க ஜிபிஎஸ் கருவியோ, மேசையில் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள். இந்த ஏற்பாட்டை மனதில் வைத்து எழுதியது இது.

எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் பிழையின் வடிவத்தைப் பாருங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே திசையில், ஒரே தூரம் தள்ளியிருந்தால் கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. எண்ணுக்கு ஒட்டிய பெயர்ச்சீட்டுதான், அதாவது அது எந்த அளவு முறையில் உள்ளது என்ற குறிப்புதான் தவறு. அதை மேசையிலேயே திருத்திவிடலாம். ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு பக்கம் சிதறியிருந்தால் கோளாறு வானத்துக்கும் கருவிக்கும் இடையே நடந்தது. அதை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது, திரும்பப் போய்த்தான் எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, சிதறிய புள்ளிகளைக் கையால் இழுத்து 'சரியான' இடத்தில் வைப்பதுதான் தரவைக் கெடுக்கும் பெரிய வழி. கருவியிலிருந்து இறக்கிய மூலக் கோப்பைத் தனிக் கோப்புறையில் போட்டுப் பூட்டுங்கள். திருத்தமெல்லாம் நகலில் நடக்கட்டும்.

வடிவத்தைப் பார்க்க ஒரு சாட்சி வேண்டும். தினமும் மேலே போகும்போதும் இறங்கும்போதும் ஒரே இடத்தில், செக்போஸ்ட் முக்கோ பாலத்தின் முனையோ, ஒரு புள்ளி எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான். பிழை எந்த நாளில் புகுந்தது என்று பின்னால் தேடும்போது அதன் அருமை தெரியும்.

அறிகுறி: கருவி இடத்தைப் பிடிக்கவே மாட்டேன் என்கிறது

செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. ஒரு செயற்கைக்கோளின் விவரம் முழுதாக வந்துசேர 30 நொடி வரை ஆகும். இடையில் ஒரு கிளை மறைத்தாலும் மறுபடி முதலிலிருந்து. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொது அட்டவணையும் இறங்கப் பன்னிரண்டரை நிமிடம். சமவெளியில் இது உறைக்காது, ஏனென்றால் போன் இந்த விவரங்களை மொபைல் டேட்டா வழியாக முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது. மலையில் டவர் இல்லாத இடத்தில் போனை உயிர்ப்பித்தால் எல்லாவற்றையும் வானத்திலிருந்தே கேட்டாக வேண்டும்.

ஆகவே, டேட்டா கிடைக்கும் இடத்திலேயே வரைபடச் செயலியைத் திறந்து, இடம் பிடித்த பிறகு ஜீப் ஏறுங்கள். வாங்கிய பாதை விவரம் சுமார் நான்கு மணி நேரம் செல்லும். மதியத்துக்குமேல் மறுபடி தடுமாறினால் காட்டை விட்டுத் திறந்த வெளிக்கு வந்து ஐந்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நடந்துகொண்டே காத்திருப்பது வீண்.

இடம் பிடிக்கிறது, ஆனால் கிலோமீட்டர் கணக்கில் தள்ளிக் காட்டுகிறது என்றால் அந்தச் செயலிக்குத் 'துல்லியமான இடம்' அனுமதி தரப்படவில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் தோராயமான இடம், துல்லியமான இடம் என்று இரண்டு அனுமதிகள் உண்டு. அமைப்புகளில் போய் மாற்றினால் தீர்ந்தது.

அறிகுறி: ஏலக்காட்டுக்குள் புள்ளி துள்ளுகிறது

இதுதான் இந்த மலையின் தலைவலி, கொஞ்சம் நின்று பேச வேண்டியது. ஏலத்துக்கு நிழல் வேண்டும் என்பதால் மேலே பெருமரங்கள் விட்டிருப்பார்கள். அதன் கீழே ஆள் உயரத்துக்குமேல் ஏலத் தட்டைகள். மழைக்குப் பின் நனைந்த இலை அலையை இன்னும் உறிஞ்சும். பாறைச் சரிவிலும் அடிமரத்திலும் பட்டுத் திரும்பி வரும் அலை நேராக வரும் அலையோடு கலந்து, தூரத்தைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் நின்ற இடத்திலேயே நிற்கும்போது புள்ளி 15, 20 மீட்டர் அலைகிறது.

போன் காட்டும் 'துல்லியம் 6 மீட்டர்' என்ற எண்ணை உத்தரவாதமாக எடுக்க வேண்டாம். உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்றுதான் ஆண்ட்ராய்டில் அதற்குப் பொருள். மூன்றில் ஒரு முறை வெளியேதான் இருக்கும்.

செய்ய வேண்டியவை: கருவியின் அமைப்பில் ஜிபிஎஸ் மட்டும் இருந்தால் குளோனாஸ், கலிலியோ என்று பிற நாட்டுச் செயற்கைக்கோள் அமைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து இயக்குங்கள். செயற்கைக்கோள் கூடினால் இலை இடுக்கில் தெரிவதும் கூடும். கருவியின் மேலே குச்சிபோல ஆன்டெனா நீட்டிக்கொண்டிருந்தால் நிமிர்த்திப் பிடியுங்கள். இல்லாத தட்டைக் கருவியை முகம் வானம் பார்க்கப் படுக்கவையுங்கள். சட்டைப் பையிலோ இடுப்பிலோ வைத்தால் உங்கள் உடம்பே பாதி வானத்தை மறைக்கும். தலைக்கு மேலே, பையின் மேல்வாரில் கட்டுவது நல்லது.

பிறகு சராசரி. நொடிக்கு ஒன்றாக ஐந்து நிமிடம் எடுத்தால் 300 அளவு கிடைக்கும். ஆனால் அடுத்தடுத்த நொடிகளில் அதே செயற்கைக்கோள், அதே எதிரொலி, அதே பிழை. ஆகவே ஒரே மூச்சில் அரை மணி நேரம் நிற்பதைவிட, காலையில் ஐந்து நிமிடம், இரண்டு மணி நேரம் கழித்து ஐந்து நிமிடம் என்று பிரித்து எடுத்துச் சராசரி பார்ப்பதே மேல். அட்டை கடிக்கும் பருவத்தில் இது உங்கள் காலுக்கும் நல்லது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தினமும் சுமார் நான்கு நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வரும். இன்று பத்து மணிக்குக் கழுத்தறுத்த பள்ளத்தாக்கு நாளை பத்து மணிக்கும் அதையே செய்யும். மறுநாள் போவதானால் வேறு நேரத்தில் போங்கள்.

இதற்கும் மசியாத இடத்துக்குப் பழைய வழி ஒன்று உண்டு. அருகில் வானம் தெரியும் இடைவெளி இருந்தால் அங்கே புள்ளி எடுங்கள். அங்கிருந்து உங்கள் ஆய்வு மரத்துக்கு டேப் பிடித்துத் தூரமும், காம்பஸ் வைத்துக் கோணமும் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் கிழக்கே கூட்ட வேண்டியது, கொசைனால் பெருக்கினால் வடக்கே கூட்ட வேண்டியது. தூரம் 24 மீட்டர், கோணம் 60 டிகிரி என்றால் கிழக்கே 20.8, வடக்கே 12.0 மீட்டர். காம்பஸில் இரண்டு டிகிரி தவறினாலும் இந்தத் தூரத்துக்கு ஒரு மீட்டருக்குள்தான் பிழை. ஜீப்புக்குப் பக்கத்திலோ காந்தம் வைத்த போன் உறையோடோ காம்பஸ் பார்க்க வேண்டாம். டேப் சரிவோடு கிடக்காமல் கிடைமட்டமாக இருக்கட்டும்.

ஜிபிஎஸ் பிழையைச் செயற்கைக்கோள் வழியாகத் திருத்தித் தரும் இந்தியச் சேவையான காகன் இருந்தும் ஏன் துள்ளுகிறது என்று கேட்பவர்கள் உண்டு. காகன் சரிசெய்வது செயற்கைக்கோள் கடிகாரத்தின் பிழையையும் அயனி மண்டலத்தின் தாமதத்தையும். மரத்தடி எதிரொலி உங்கள் கருவியைச் சுற்றி மட்டும் நடப்பது. அது காகனுக்குத் தெரியாது.

அறிகுறி: பகலில் சரி, இரவில் மட்டும் தப்புகிறது

தவளை, ஆந்தை, தேவாங்கு தேடுகிறவர்கள் கவனிக்க. காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடி வழியாகப் போகிறது. அதனால் சூரியன் மறைந்தபின் சில மணி நேரம் நம் தலைக்குமேல் அயனி மண்டலம் கலங்கும், சிக்னல் மினுங்கும், சில செயற்கைக்கோள்கள் விட்டுப்போகும். மார்ச்–ஏப்ரலிலும் செப்டம்பர்–அக்டோபரிலும் இது மிகுதி. கருவியைப் பழுது பார்க்கக் கொடுத்துப் பயனில்லை. ஆய்வுப் பாதையின் ஒவ்வொரு நிறுத்தத்தையும் பகலிலேயே அளந்து, எண் எழுதிய ரிப்பன் கட்டிவிடுங்கள். இரவில் ரிப்பன் எண்ணையும் அதிலிருந்து எத்தனை அடி என்பதையும் எழுதினால் போதும்.

அறிகுறி: நடந்த தடம் வளைவுகளை விட்டுவிட்டு நேர்கோடாக வெட்டுகிறது

போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் காணாமல் ஒரே கோடாக வந்தால், திரை அணைந்ததும் பேட்டரிச் சிக்கனம் செயலியை உறங்கவைத்திருக்கிறது. செயலியின் பேட்டரி அமைப்பைக் 'கட்டுப்பாடற்றது' என்று மாற்றுங்கள். பேட்டரியைக் காப்பாற்ற விமானப் பயன்முறையில் போடலாம். டவர் தேடி அலைவதில்தான் மலையில் பாதிச் சார்ஜ் போகிறது. ஜிபிஎஸ் வாங்குவதற்கு டவர் வேண்டாம்.

அறிகுறி: புள்ளிகள் கடலில் விழுகின்றன

எந்தக் கடல் என்று பாருங்கள். பதில் அதிலேயே இருக்கிறது.

மேற்கு ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே கினி வளைகுடாவில், பூஜ்யம் பூஜ்யத்தில் விழுந்தால்: இடம் பிடிக்காமலே சேமித்த காலிப் பதிவு. நீக்கிவிட வேண்டியதுதான்.

வடதுருவப் பக்கம், ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டி விழுந்தால்: அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிவிட்டன. 10 வடக்கு, 77 கிழக்கு என்பது 77 வடக்கு, 10 கிழக்கு ஆகியிருக்கிறது. க்யூஜிஐஎஸ்ஸில் சிஎஸ்வி அட்டவணைக் கோப்பை ஏற்றும்போது எக்ஸ் கட்டத்தில் தீர்க்கரேகை, ஒய் கட்டத்தில் அட்சரேகை. ஓடிகே, கோபோ போன்ற போன்வழிக் கணக்கெடுப்புப் படிவங்கள் அட்சரேகையை முதலில் தருவதால் இந்தத் தடுமாற்றம் அடிக்கடி வரும்.

வங்கக் கடலில், இலங்கையையும் தாண்டி விழுந்தால்: யூடிஎம் மண்டலத் தவறு. யூடிஎம் என்பது உலகை ஆறு டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து இடத்தை மீட்டரில் சொல்லும் முறை. மண்டலம் 43க்கும் 44க்கும் எல்லை 78 டிகிரி கிழக்கு. அந்தக் கோடு உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் நடுவே போகிறது. மதுரையில் உட்கார்ந்து திட்டக் கோப்பை அமைத்தவர் 44 என்று வைத்திருப்பார்; தேனியும் இடுக்கியும் 43இல். 43இன் எண்ணுக்கு 44 என்று சீட்டு ஒட்டினால் புள்ளி ஆறு டிகிரி, அதாவது சுமார் 650 கிலோமீட்டர் கிழக்கே போய் விழும்.

எண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். மூணாறுக்கும் தேனிக்கும் இடைப்பட்ட இடங்களுக்கு மண்டலம் 43இல் கிழக்களவு (கிழக்கு நோக்கிய மீட்டர் எண்) ஏறத்தாழ 7.25 லட்சம் முதல் 7.75 லட்சம் வரை இருக்கும். அதே இடங்களுக்கு 44இல் 70 ஆயிரத்திலிருந்து 1.15 லட்சத்துக்குள். 7 லட்சத்து எண்ணில் 44 என்று சீட்டு இருந்தால், க்யூஜிஐஎஸ்ஸில் லேயரை வலது சொடுக்கி, 'செட் லேயர் சிஆர்எஸ்' போய் ஈபிஎஸ்ஜி 32643 (யூடிஎம் மண்டலம் 43இன் குறியெண்) தேர்ந்தெடுங்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டை நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். 'செட் லேயர் சிஆர்எஸ்' சீட்டை மட்டும் மாற்றும், எண்ணைத் தொடாது. 'ரீபுரொஜெக்ட்' அல்லது 'எக்ஸ்போர்ட்' எண்ணையே மாற்றிக் கணக்கிடும். சீட்டுத் தவறு என்றால் முதலாவது. சீட்டு சரி, வேறு முறையில் எண் வேண்டும் என்றால் இரண்டாவது. தவறான சீட்டோடு ரீபுரொஜெக்ட் செய்தால் பிழை எண்ணுக்குள்ளேயே ஊறிவிடும். அப்போது பூட்டி வைத்த மூலக் கோப்புதான் கைகொடுக்கும்.

அறிகுறி: சில புள்ளிகள் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில்

சிதறல்போலத் தோன்றும், ஆனால் இது சீட்டுப் பிழை. நோட்டில் 10 டிகிரி 03 நிமிடம் 27 நொடி என்று எழுதியதைக் கணினியில் 10.0327 என்று அடித்திருப்பார்கள். சரியான எண்: 10 + 3/60 + 27/3600 = 10.0575. வித்தியாசம் வடக்கு–தெற்காக 2.7 கிலோமீட்டர். அடையாளம் எளிது: பட்டியல் முழுக்கப் புள்ளிக்குப் பின் வரும் முதல் இரண்டு இலக்கம் 59ஐத் தாண்டவே தாண்டாது. பல கையடக்கக் கருவிகள் வாங்கும்போதே டிகிரியும் தசம நிமிடமுமாகத்தான் காட்டும். அதைத் தசம டிகிரிக்கு மாற்றிவிட்டு மலையேறுங்கள்.

எல்லாம் சதுரக் கட்டங்களாக அடுக்கி நிற்கின்றனவா? யாரோ எக்செலில் திறந்து தசமத்தைக் குறைத்திருக்கிறார்கள். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் 1.1 மீட்டர் வரை துல்லியம். மூன்று என்றால் 110 மீட்டர். இரண்டு என்றால் 1.1 கிலோமீட்டர். எக்செல் '3-10' என்ற ப்ளாட் எண்ணைத் தேதியாகவும் மாற்றிவிடும். எண்களின் முன் ஓர் எழுத்துச் சேர்த்து 'ப3-10' என்று எழுதினால் தப்பிக்கலாம்.

மாறாக, மறையூர்ச் சந்தனத்தின் இடத்தையோ அரிய ஆர்க்கிட் இடத்தையோ வெளியே கொடுக்கும்போது வேண்டுமென்றே இரண்டு இலக்கமாகக் குறைத்துக் கொடுங்கள். முழு எண் உங்கள் கோப்போடு இருக்கட்டும்.

அறிகுறி: பழைய டோப்போ ஷீட்டின்மேல் எல்லாப் புள்ளியும் நூறு மீட்டருக்குமேல் ஒரே பக்கம் தள்ளி நிற்கிறது

இந்தப் பகுதியின் பழைய சர்வே ஆஃப் இந்தியா தாள்கள், 58 எஃப், 58 ஜி வரிசையில் உள்ளவை, பூமியின் வடிவத்துக்கு எடுத்த பழைய கணித மாதிரியான எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு மாதிரி. இரண்டிலும் '10 டிகிரி வடக்கு' ஒரே இடமில்லை. தாளை ஸ்கேன் செய்து ஓரத்துக் கட்டங்களைக் குறிக்கும்போது 4326 (டபிள்யூஜிஎஸ் 84இன் குறியெண்) என்று கொடுத்ததுதான் தவறு. கல்யாண்பூர் 1975, ஈபிஎஸ்ஜி 4146 என்று கொடுத்துக் குறித்து, பிறகு 32643க்கு மாற்றுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த திறந்த வரிசைத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84இலேயே உள்ளன. அவற்றின் எண் இந்தப் பகுதிக்கு 'சி43' என்று தொடங்கும். அவற்றுக்கு இந்த மாற்றம் வேண்டாம்.

சரிபார்க்கப் பழைய பாலம், கோவில், அணை போன்ற நகராத பொருளை எடுங்கள். அகலப்படுத்திய சாலையின் வளைவு உதவாது.

அறிகுறி: உயரம் தொண்ணூறு மீட்டர் குறைகிறது

ஆண்ட்ராய்டு தருவது பெரும்பாலும் நீள்கோளத்துக்கு மேலான உயரம். நாம் பேசும் உயரம் கடல்மட்டத்துக்கு மேலானது. உலகிலேயே கடல்மட்டம் மிகத் தாழ்ந்து கிடக்கும் பகுதி இலங்கைக்குத் தெற்கே இருப்பதால், தென்னிந்தியாவில் இரண்டுக்கும் இடைவெளி 90 முதல் 100 மீட்டர். கடற்கரையில் நின்றாலும் போன் மைனஸ் 90 பக்கம் காட்டும். எஸ்ஆர்டிஎம் உயரத் தரவோ கடல்மட்டக் கணக்கில் இருக்கிறது. களச் செயலியில் ஜியாய்டு (கடல்மட்ட) திருத்தம் இருந்தால் இயக்குங்கள். ஒரே குழுவில் ஒரு போனில் இயக்கி மற்றதில் விட்டுவிட்டால் உயர அடுக்கு ஆய்வே குலைந்துபோகும்; காலையில் எல்லாப் போனையும் அருகருகே வைத்து உயரத்தை ஒப்பிடுங்கள்.

பாரோமீட்டர் உள்ள கருவியில் உயரம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று 20, 25 மீட்டர் மாறினால் அது பழுதில்லை. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் காலை பத்து மணி வாக்கில் ஏறி, பிற்பகல் நான்கு மணி வாக்கில் இறங்கும். இந்த உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறக்குறைய 9 மீட்டர். உயரம் தெரிந்த இடத்தில் காலையும் மதியமும் சரிசெய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: பரப்பு ஒத்துவரவில்லை

0.00000033 போன்ற எண் வந்தால் டிகிரியில் கணக்கிட்டிருக்கிறது. அது ஏறக்குறைய ஒரு ஏக்கர். மூன்று சதவீதம் கூடுதலாக வந்தால், இணைய வரைபடங்களின் 3857 முறையில் தட்டையாகக் கணக்கிட்டது. 32643இல் கணக்கிடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் தோட்டக்காரர் "நூறு சென்ட்" என்கிறார், வரைபடம் 87 என்கிறது என்றால் அவரைச் சந்தேகிக்க வேண்டாம். 30 டிகிரிச் சரிவில் தரையோடு டேப் பிடித்து அளந்த ஒரு ஏக்கர், தாளில் 87 சென்ட்தான். செடி வளர்வது சரிவில். பட்டா பேசுவது தாளில். எது வேண்டும் என்று ஆய்வுக்கேற்ப முடிவு செய்து, இரண்டையும் எழுதுங்கள். பத்து சென்ட் நிலம் 20க்கு 20 மீட்டர்தான். அதைக் கருவியோடு சுற்றி நடந்து பரப்புச் சொல்ல முடியாது, டேப் பிடியுங்கள்.

அறிகுறி: படமும் தடமும் பொருந்தவில்லை

தடக் கோப்பில் உள்ள நேரம் உலகப் பொது நேரம்; கேமராவில் இந்திய நேரம். ஐந்தரை மணி நேரம் ஈடுகட்டுங்கள். சில நிமிடம் மட்டும் தள்ளினால் கேமரா கடிகாரம் தவறு. தினமும் முதல் படமாகக் கருவியின் கடிகாரத்தை எடுத்துவைத்தால் ஈடு தெரிந்துவிடும். இடம் சரி, தேதி மட்டும் இருபது ஆண்டு பின்னே என்றால் கருவி பழையது. ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யமாகும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவை ஒட்டி ஆனது. 7168 நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: தமிழ் எழுத்துகள் சிதைகின்றன, ஊர்ப்பெயர் பொருந்த மறுக்கிறது

ஷேப்ஃபைல் என்பது வரைபடத் தரவுக் கோப்பின் பழைய வடிவம். அதில் அட்டவணைப் பத்தியின் (நெடுவரிசையின்) பெயருக்குப் பத்து பைட்தான் இடம். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடு. ஆகவே 'ஏலம்' என்ற பெயரே முழுதாக நிற்காது. புதிய வடிவமான ஜியோபேக்கேஜில் சேமியுங்கள், இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு அட்டவணையைப் பெயரை வைத்து இணைக்கும்போது 'பொன்முடி' கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் பொருந்தாமல் போகலாம். ஒன்றில் 'பொ'வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகவும், மற்றதில் கொம்பும் காலும் இரண்டாகவும் அடித்திருப்பார்கள். இதோடு உடும்பன்சோலையை மலையாளப் பதிவில் உடும்பஞ்சோல என்றும், ஆங்கிலப் பதிவில் வேறு எழுத்துக்கூட்டலிலும் எழுதுவார்கள். பெயரை நம்பாமல் ஊருக்கு ஓர் எண் கொடுத்து அதை வைத்து இணையுங்கள். பெயர்களை மூன்று பத்தியாகக் காப்பாற்றுங்கள்.

அறிகுறி: பேட்டி எடுத்த எல்லாரும் ஒரே வீட்டில், அல்லது தவறான மாநிலத்தில்

எல்லாப் புள்ளியும் நீங்கள் தங்கிய அறையில் குவிந்தால், மாலையில் படிவத்தைத் திறந்து சரிபார்க்கும்போது இடம் மறுபடி பதிவாகியிருக்கிறது. இடக் கேள்வியைப் படிவத்தின் தொடக்கத்தில் வைத்து, சரிபார்ப்பின்போது தொடாதீர்கள்.

தேனிப் பக்கத்து ஊர்களிலிருந்து தினமும் ஜீப்பில் ஏலக்காட்டுக்கு வந்து போகும் கூலியாட்களைத் தோட்டத்தில் வைத்துப் பேட்டி கண்டால், வரைபடம் அவர்களை இடுக்கிக்காரர்களாகக் காட்டும். வேலையிடம், வீடு என்று இரண்டு இடக் கேள்விகள் வேண்டும். வீட்டுக்கு ஊர் எண் போதும், கதவு வரை போக வேண்டியதில்லை.

எல்லையை ஒட்டிய புள்ளி மறுபக்கம் விழுந்தால் புள்ளியை நகர்த்தாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் மாநில எல்லைக் கோப்புகள் பல, சிறிய அளவுகோலில் வரைந்தவை. பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் அரை மில்லிமீட்டர் கோடே தரையில் 500 மீட்டர் அகலம். ஆகவே எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள எதற்கும் மாநிலத்தைக் கோப்பை வைத்து முடிவு செய்ய வேண்டாம். 'மாநிலம்' என்று தனிப் பத்தி வைத்து, எந்தப் பஞ்சாயத்துக்கு வரி கட்டுகிறார்கள் என்று அங்கேயே கேட்டு எழுதுங்கள். பக்கத்தில் எல்லைக் கல் இருந்தால் அதையும் ஒரு புள்ளியாக எடுத்து, கல்லில் உள்ள எண்ணோடு சேர்த்து வையுங்கள்.